அவ பார்க்காத ஊர்

புடவைதானே அது? பையைப் பார்த்தாலே தெரியுதே. உங்களுக்கா எடுத்தீங்க? உங்களுக்கேவா? நல்லா இருங்க. மடியிலயே வச்சிக்கங்க, மேல வச்சா பஸ்ஸு துறையூர் போறதுக்குள்ள எவனாவது மூட்டையைத் தூக்கி அது மேல போட்டுருவான். கொடுத்து வச்சவங்க நீங்க. கடையில எடுத்தா நேரா பிளவுஸுக்குக் குடுத்துட்டுக் கட்டிக்குவீங்க. என் கதை அப்படி இல்லைங்க. எனக்குப் புடவை எடுத்தா முதல்ல அவ கட்டணும். அப்புறம்தான் நான்.

அவன்னா யாரா? எங்க வீட்டுக்காரருக்கு மூத்தது. தவமணின்னு பேரு. நான் ரெண்டாந்தாரம். அதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்? அவ மஞ்சக்காமாலையில போய் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நான் அந்த வீட்டுப் படியேறினேன். யார் குடியையும் நான் கெடுக்கல.

எங்கள்ல ஒரு பழக்கம். மூத்தவ சுமங்கலியாப் போயிட்டா, வீட்டுக்கு வர்ற புதுப் புடவையை அவ படத்துக்கு முன்னால வச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, பூ வச்சு, ஒரு ராத்திரி அவளுக்குப் படைச்சுரணும். விடிஞ்சு எடுத்துத்தான் இளையவ கட்டணும். இல்லேன்னா அவளுக்குக் கோவம் வரும்பாங்க. என் மாமியார் ஆரம்பிச்சு வச்சது. அவங்க போயே ரொம்ப வருஷமாச்சு. இவருகூடச் சொன்னார், 'இனிமே எதுக்கு செண்பகம் இதெல்லாம், நீ பாட்டுக்கு எடுத்துக் கட்டு'ன்னு. நான் விடுவேனா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா அவளுக்குச் செய்யாததாலதான்னு என்னைத்தானே சொல்லுவாங்க? ஒரு தீவாளி விடாம நான்தான் செய்யறேன். செய்யும்போதே வயிறு எரியும். எரிய எரியச் செஞ்சிருவேன்.

புடவையோட போச்சுன்னா பரவாயில்லைங்க. எந்த ஊருக்குப் போனாலும் அவ முன்னாடியே போயிருப்பா. அதான் என் தலையெழுத்து. கொடைக்கானல்ல படகுல ஏறி உக்காந்ததும் கேட்டேன், 'இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?' 'ம்'னார். 'அவளோடயா?' 'ம்'னார். 'எந்தப் படகு?' 'அது எப்படி செண்பகம் ஞாபகம் இருக்கும்?'ங்கறார். பொய்ங்க. எல்லாம் ஞாபகம் இருக்கும். படகு கரைக்கு வர்ற வரைக்கும் எனக்கு அவ பக்கத்துல நெருக்கிக்கிட்டு உக்காந்திருந்த மாதிரியே இருந்துச்சு. குத்தாலத்துல குளிச்சிட்டு வந்து தலை துவட்டறேன், 'அவளுக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கிச்சா?'ன்னு கேக்கறேன். 'அவ மலேயா மழையில வளர்ந்தவ, ஒண்ணும் ஆகல'ங்கறார். எனக்கு அன்னைக்குச் சாயந்திரமே மூக்கு ஒழுக ஆரம்பிச்சிருச்சு. பாருங்க, அதுலயும் அவதான் ஒசத்தி.

எந்நேரமும் அவ நினைப்புதான் அந்த மனுஷனுக்கு. வந்த புதுசுலயே சொல்லிப்புட்டேன், அந்தப் பேரு இந்த வீட்ல உங்க வாயில வரக்கூடாதுன்னு. வரலைதான். இத்தனை வருஷத்துல ஒரு தடவை வரல. அவ பையன் பேரை வச்சு 'ராஜவேலு அம்மா'ம்பார், இல்லேன்னா வெறும் 'ம்'தான். ஆனா வாயில வராட்டி மனசுல இல்லேன்னு ஆயிருமா?

மாமியார் இருந்தவரைக்கும் அவங்களுக்கு வேற பேச்சே கிடையாது. அவ பொறந்தது மலேயாவுல ரப்பர் தோட்டத்துல. பதினோரு வயசுலதான் அப்பா அம்மாவோட கப்பல்ல ஊருக்கு வந்திருக்கா. மாமியாரும் மருமகளும் அடுப்படியில உக்காந்து அந்தத் தோட்டத்துக் கதையே பேசுவாங்களாம். அவ போனப்புறம் மாமியார் அதையெல்லாம் எங்கிட்ட ஒப்பிப்பாங்க. 'தவமணி இப்படிச் சொல்லுவா, தவமணி அப்படிச் சிரிப்பா.' நான் காதைப் பொத்திக்கலாம்ல? மாட்டேன். 'அப்புறம்?'ன்னு கேப்பேன். எதிராளியைப் பத்தித் தெரிஞ்சு வச்சிக்கணும் இல்லையா?

சரி, கப்பல் கதைக்கு வர்றேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ராஜவேலு அவ பெத்த பையன். நான் வர்றப்ப ஏழு வயசு. வந்த மூணாம் நாளே என் முந்தானையில மூக்கைத் துடைச்சவன். இப்ப சிங்கப்பூர்ல இன்ஜினியரா இருக்கான். இந்தத் தடவை நாங்க போயிருந்தப்ப கப்பலுக்கு டிக்கெட் போட்டுட்டான். 'அம்மா, உனக்குக் கடல்னா உசுரு. நீயும் அப்பாவும் மட்டும் போய்ட்டு வாங்க'ன்னான். அப்பா கடையை மூடின பிறகு சோர்ந்து கிடக்காரேன்னு அவருக்காகப் போட்டிருப்பான். பேச்சுக்கு என் பேரு. பால்கனி வச்ச ரூம்தான் வேணும்னு அடம்பிடிச்சு வாங்கியிருக்கான். இவருக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுத்தும், பால்கனி பக்கமே வரல. பாவம், பையனுக்கு அப்பாவைப் பத்தி அவ்வளவுதான் தெரியும்.

கப்பல் போற வழியில ஒரு நாள் மலேசியாவுல நிக்குமாம். எறங்கிச் சுத்திப் பார்த்துட்டு வரலாம். எங்க போகணும்னு முன்னாடியே சொல்லிரணும். ராஜவேலு கம்ப்யூட்டர்ல காட்டினான். ஒண்ணு, பத்துமலை முருகன் கோயில். இன்னொண்ணு, புத்ராஜெயான்னு புதுசாக் கட்டின ஊரு. கவர்மெண்டு ஆபீஸுக்குன்னே கோடு போட்டுக் கட்டினதாம். ஏரி, பாலம், தோட்டம் எல்லாம் மனுஷன் வெட்டி வச்சது.

பத்துமலையில அவ அப்பா தோள்ல உக்காந்திருக்கிற போட்டோ எங்க வீட்டு நடையில தொங்குது. நான்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தொடைக்கிறேன். அந்தப் படிக்கட்டுல போய் நான் மூச்சு வாங்க ஏறணுமா? 'இந்தப் புது ஊரு எப்பக் கட்டினாங்க?'ன்னு கேட்டேன். 'தொண்ணூத்தஞ்சு வாக்குல ஆரம்பிச்சாங்களாம்மா'ன்னான். அவ போனது தொண்ணூறு. அவ செத்து அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் முதல் செங்கல்லே வச்சிருக்கான்! மலேயாவுல என்ன, இந்த உலகத்துலயே அவ காலடி பட்டிருக்க முடியாத இடம் அது. அவருக்கும் எனக்கும் மட்டுமா ஒரு ஊரு. 'இதுக்கே போடுடா'ன்னேன்.

முருகனைப் பார்க்காம வந்தது பாவமில்லையாங்கறீங்களா? முருகனுக்கே ரெண்டு சம்சாரம். அவருக்கு என் கஷ்டம் புரியும்.

இவரு முகம் அப்பவே ஒரு மாதிரி ஆயிருச்சு. 'அங்க ஒண்ணும் இருக்காது செண்பகம், கோயிலுக்கே போவோமே'ன்னார். கப்பல் ஏறினப்புறம் மறுபடியும் மெல்ல ஆரம்பிச்சார். 'இப்பக்கூட மாத்திக்கலாமாம். கேட்டுப் பார்க்கவா?' எனக்கு வந்துச்சே கோவம். அவ ஏறின படியைப் பார்க்க உங்களுக்கு அவ்வளவு ஆசையான்னு கேட்டுட்டேன். அதோட வாயை மூடிக்கிட்டார்.

அன்னைக்குக் காலையில சிங்கப்பூர்ல எடுத்த புதுப் புடவையை எடுத்துக் கட்டினேன். மயில்கழுத்துக் கலரு. அங்க படமும் இல்ல, மஞ்சத்தண்ணியும் இல்ல. கடைக்காரன் மடிச்ச மடிப்பு அப்படியே இருந்துச்சு. என் கல்யாணத்துக்கப்புறம் எனக்குன்னே நான் கட்டின முதல் புடவை. கண்ணாடியில என்னைப் பார்த்து நானே சிரிச்சிக்கிட்டேன். பயமாவும் இருந்துச்சு, அது வேற விஷயம்.

கப்பல்லேருந்து எறங்கினா பெரிய பெரிய பஸ்ஸு பத்து நிக்குது. எல்லாக் கூட்டமும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும். புத்ராஜெயாவுக்கு ஒரு சின்ன வேன். அதுலயும் நாங்க ரெண்டு பேரு, கோயமுத்தூர்லேருந்து வந்த ஒரு ஜோடி, அவ்வளவுதான். அந்த ஜோடி ஏறின உடனே தூங்கிருச்சு. டிரைவர்தான் ஊரைச் சுத்திக் காட்டறவரும். நம்ம ஆளு, அர்ச்சுனன்னு பேரு, மலேசியாத் தமிழு. 'அம்மா, நீங்களா கேட்டு வாங்கினீங்களா இந்த ஊரை? கெட்டிக்காரவங்கதான்'னு சிரிச்சார். எதுக்குச் சிரிச்சார்னு அங்க போனதும்தான் தெரிஞ்சுது.

என்னத்தைங்க சொல்றது. ரோடுன்னா ரோடு, எங்க துறையூரையே தூக்கி உள்ள வைக்கலாம். ஆனா அதுல ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை, ஆபீஸெல்லாம் பூட்டு. ரெண்டு பக்கமும் பெரிய பெரிய கட்டடம், கோபுரம் மாதிரி விளக்குக் கம்பம், வெட்டி விட்ட புல்லு, பூச்செடி. ஒரு டீக்கடை? கிடையாது. உக்காந்து வெத்தலை போட ஒரு மர நிழல்? கிடையாது. ஒரு நாயி குறுக்கே ஓடலைங்க. காக்கா கத்துதான்னு பார்த்தேன், அதுவும் இல்ல. 'இங்க மனுஷங்க எங்கப்பா?'ன்னு அர்ச்சுனனைக் கேட்டேன். 'திங்கக்கிழமை வருவாங்கம்மா'ங்கறார்.

ஒரு பாலத்துல எறக்கி விட்டார். அது எதுக்கு? போட்டோ எடுக்க. இன்னொரு பாலம். அதுவும் போட்டோ எடுக்க. அப்புறம் ஏரியில படகுன்னார். கப்பல்லேருந்து எறக்கி வேன்ல கூட்டிட்டு வந்து படகுல ஏத்தறான் பாருங்க! படகுலேருந்து பார்த்தா அதே கட்டடம்தான், கொஞ்சம் தள்ளி நிக்குது. வெயிலுன்னா வெயிலு. என் மயில்கழுத்து முதுகோட ஒட்டிக்கிச்சு. கோயமுத்தூர் அம்மா முழிச்சு, 'இதுக்கு அந்த முருகனையாவது பார்த்திருக்கலாம்'னு புருஷனைக் கடிஞ்சுது. கடைசியில ஏசி இருக்கிற கடைக்கட்டடம் ஒண்ணுல அந்த ரெண்டு பேரும் எறங்கிக்கிட்டாங்க. 'போறப்பக் கூப்பிட்டுக்கங்க'ன்னுட்டாங்க.

எனக்கு ஏமாத்தமா இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. ஆனா காட்டிக்க முடியுமா? நானே கேட்டு வாங்கின ஊரு. அது மொட்டையா இருந்தாலும் என் ஊரு. அர்ச்சுனன் திரும்பக் கொண்டாந்து விட்ட பாலத்துல இவரு கைப்பிடியைப் பிடிச்சிக்கிட்டு ஏரியையே பார்த்துட்டு நிக்கறார். பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, 'ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க என்கூட மட்டும் வந்த இடம் இது ஒண்ணுதான்'னேன். அவர் 'ம்'னார்.

அந்த 'ம்' எனக்குப் பத்தல. அவருக்கு நல்லா உறைக்கணும்னு அர்ச்சுனனைக் கூப்பிட்டுச் சத்தமாக் கேட்டேன். 'ஏன் தம்பி, இந்த ஊரைக் கட்டறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு? வெறுங்காடுதானே?'

'காடா? யாரும்மா சொன்னது? தோட்டம்மா. முதல்ல கித்தா மரம், நீங்க ரப்பர்னு சொல்லுவீங்களே, அப்புறம் எண்ணெய் எடுக்கற செம்பனை. நாலஞ்சு தோட்டம் சேர்ந்து கிடந்துச்சு. பூரா நம்ம ஆளுங்கதான். எங்க பெரியம்மா இங்கதான் பாலுக்கு மரம் வெட்டினாங்க. நீங்க நிக்கறீங்களே, இந்தப் பக்கம் அப்படியே ஏழாங்கட்டைத் தோட்டம்மா. ஆளுங்க குடியிருந்த லயத்து வீடெல்லாம் இப்ப தண்ணிக்குள்ள.'

ஏழாங்கட்டை.

அந்தப் பேரை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா? மாமியார் வாயைத் திறந்தா ஏழாங்கட்டைதான். 'ஏழாங்கட்டையில பெரட்டுக்குச் சங்கு ஊதினா தவமணி அப்பா எழுந்திரிப்பாராம்.' பெரட்டுன்னா விடியக்காலம் கூலியாளுங்களை நிக்க வச்சுப் பேர் கூப்பிடறது. எனக்கு அதெல்லாம் மனப்பாடம். ஏழாங்கட்டை எங்கேயோ மலையில இருக்குன்னு நான் நினைச்சிருந்தேன். அது மேலதான் நின்னுக்கிட்டிருக்கேன். புதுப் புடவையைக் கட்டிக்கிட்டு. அவ பொறந்த வீட்டு வாசல்ல.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். 'உங்களுக்குத் தெரியுமா?'ன்னேன். 'தெரியும்'னார். 'அவ தம்பி எப்பவோ சொன்னான், தோட்டத்தை எடுத்து ஊர் கட்டிட்டாங்கன்னு.' 'தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தீங்க?' 'நான் வேண்டாம்னுதானே சொன்னேன் செண்பகம்? நீ ஆசையாக் கேட்டே. இத்தனை வருஷத்துல நீயா ஒரு இடம் கேட்டது இது ஒண்ணுதான்.'

கள்ளன்ங்க. பச்சைக் கள்ளன். தெரிஞ்சும் வாயைத் திறக்கல பாருங்க.

அர்ச்சுனன் எங்க ரெண்டு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தார். இவரு அவர்கிட்ட, 'என் சம்சாரம் பொறந்தது இந்தத் தோட்டத்துலதாம்ப்பா'ன்னார். மூத்த சம்சாரம்னு சொல்லக் கூடாதா? செத்துப் போன சம்சாரம்னு? அந்த ஆளு முகம் அப்படியே மலர்ந்து போச்சு. என் பக்கம் திரும்பி, 'அம்மா! நீங்க ஏழாங்கட்டையா? அதான் இந்த ஊரைக் கேட்டு வாங்கினீங்களா? நான் கிறுக்கன், உங்களைப் பார்த்துச் சிரிச்சேனே'ன்னு கையெடுத்துக் கும்பிடறார். எனக்கிருந்த ஆத்திரத்துல வாயே வரல. 'யார் வீடும்மா?'ன்னு கேக்கறார். இவரு, 'கங்காணி மாரிமுத்து மக'ன்னுட்டார். உடனே போனைப் போட்டுட்டாருங்க அந்த ஆளு. 'பெரிம்மா, மாரிமுத்துக் கங்காணி மக வந்திருக்காங்க, ஊர்லேருந்து. தவமணியா? ஆமா, அவங்கதான். இங்கதான், என் வேன்லதான்!'

தோட்டத்து ஜனங்களை வெளியேத்தினப்ப கொஞ்சம் தள்ளி அடுக்குமாடி வீடு குடுத்திருக்காங்க. கப்பலுக்கு நேரம் நிறைய இருக்கு, பெரியம்மா வீட்டை எட்டிப் பார்த்துட்டு வந்துரலாம்னார் அர்ச்சுனன். நான் வேன்லயே உக்காந்திருந்தேன். எறங்கிப் போய்ட்டு வாங்க, உங்க மாமனார் ஊர்தானே, நான் வரலைன்னு சொல்லத்தான் இருந்தேன். வேன் நிக்கறதுக்குள்ள ஒரு பொம்பளை ஓடி வருது. என்னைவிட ஆறேழு வயசு கூட இருக்கும். கைலி, மேல சட்டை, கையில சோத்துக் கரண்டி. கரண்டியை வைக்கக்கூடத் தோணலை அதுக்கு. கதவைத் திறந்து என்னைக் கட்டிப் பிடிச்சிருச்சு.

'தவம்! அடியே தவம்! வந்துட்டியாடி! பாக்கியம்டி, பாக்கியத்தை மறந்துட்டியா?'

என்னை வாழ்க்கையில யாரும் அப்படிக் கட்டிப் பிடிச்சதில்லைங்க. எங்கம்மா உள்பட. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நான் மூத்த பொண்ணு, அஞ்சு தங்கச்சிங்க. என்னைத் தள்ளிவிட்டாப் போதும்னுதான் ரெண்டாந்தாரமாக் குடுத்தாங்க. அந்தம்மா கண்ணுத் தண்ணி என் கழுத்துல எறங்குது. இவரு எதுத்தாப்புல நிக்கறார், வாயைத் திறந்து ஏதோ சொல்ல வர்றார். 'இது அவ இல்ல, அவ போய்ட்டா'ன்னுதான் சொல்ல வந்திருப்பார். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அவர் சொல்றதுக்குள்ள நான், 'வந்துட்டேன்டி'ன்னுட்டேன்.

இப்ப நீங்க என்னை எப்படிப் பார்க்கறீங்களோ அப்படித்தான் அவரும் பார்த்தார்.

பரிதாபப்பட்டுச் சொல்லலைங்க. உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் அவளா இருந்து பார்க்கணும்னு தோணுச்சு. அப்படி என்னதான் இருந்துச்சு அவகிட்டன்னு.

'என்னடி, எனக்கு மட்டும் நரைச்சுக் கிடக்கு, நீ இப்படி இளமையா இருக்க!' அந்தம்மா என் கன்னத்தைக் கிள்ளிச்சு. வயசுல நான் சின்னவதானே, இருக்காதா? அவளை நான் ஜெயிச்சது அந்த ஒரு விஷயத்துலதான். அந்தப் பெருமையும் அவளுக்கே போயிருச்சு.

உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு, கையை விடவே இல்ல. 'கித்தாக் கொட்டையைத் தரையில தேச்சுத் தேச்சு என் தொடையில சூடு வச்சியே, நினைப்பிருக்கா?' 'தொடையில எங்கடி? முழங்கால்ல'ன்னேன். கைலியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துட்டு, 'ஆமாடி, முழங்கால்தான்!'ன்னு சிரிக்குது. 'கோயில் திருவிழாவுல திரை கட்டிப் படம் போட்டப்ப மழை வந்துச்சே?' 'எல்லாரும் ஓடிட்டாங்க, நாம ரெண்டு பேரும் ஒரே சாக்கைத் தலையில போட்டுக்கிட்டுப் பார்த்தோம்'னேன். மாமியார் சொன்ன கதை ஒண்ணு தப்பலைங்க. அவ கதை எல்லாமே எங்கிட்ட இருக்கு. இவருக்கே தெரியாததெல்லாம் இருக்கு. பாதிக் கதைக்கு இவரு திருதிருன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

அப்புறம் நானே ஒண்ணு கேட்டேன். கேக்கணும்னு நினைச்சுக் கேக்கல, தானா வந்துச்சு. 'பாக்கியம், என் கோழியை என்னடி பண்ணினே?'

அது என்னன்னா, இந்தியாவுக்குக் கப்பல் ஏறறப்ப தவமணி தான் வளர்த்த செவலைக் கோழியைப் பாக்கியத்துக்கிட்டக் குடுத்துட்டு, அறுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு வந்திருக்கா. இங்க வந்து கல்யாணமாகி, பையன் பொறந்து, அதுக்கப்புறமும் அடுப்படியில கோழிக்கொழம்பு கொதிக்கும்போதெல்லாம் சொல்லுவாளாம், 'என் கோழி என்னாச்சோ அத்தை'ன்னு. படுக்கையில கிடந்தப்பக்கூடக் கேட்டாளாம்.

நான் கேட்டதும் அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு. அப்படியே என் மடியில கவுந்துருச்சு. 'தின்னுட்டாங்கடி. நீ போன மறுமாசமே எங்கப்பா அறுத்துட்டார். வேலை இல்ல, வீட்ல ஒண்ணும் இல்ல. நான் ஒரு வாய் திங்கலடி தவம், சத்தியமாத் திங்கல. நீ வந்து கேப்பேன்னு எனக்குத் தெரியும். என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம இத்தனை வருஷம்...'

அறுபத்தாறு வயசுப் பொம்பளை, ஒரு கோழிக்காக அப்படி அழுவுது. நான் தலையைத் தடவிக் குடுத்து, 'போனாப் போவுது விடுடி. உங்க வீட்டுப் பசிக்குத்தானே ஆச்சு'ன்னேன். அவளா இருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பாளா? சொல்லியிருப்பா. அவ அப்படிப்பட்டவதான். அதுதானே எனக்கு எரிச்சல்.

நிமிந்து பார்த்தா இவரைக் காணோம். வெளிய மாடிப்படிக்கிட்ட சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்கறார். முதுகு குலுங்குது.

கப்பலுக்குத் திரும்பறப்ப வேன்ல என் கையை எடுத்து அவர் கைக்குள்ள வச்சிக்கிட்டார். வெளியிடத்துல கையைப் பிடிக்கிற மனுஷனே இல்ல அவரு. கோயமுத்தூர் ஜோடி முன்னாடி உக்காந்திருக்கு, அர்ச்சுனன் கண்ணாடியில பார்க்கறார், எதையும் சட்டை பண்ணல. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கணும்? இதுக்குத்தானே அந்த மொட்டை ஊரைத் தேடிப் பிடிச்சேன்? ஆனா எனக்கு ஒரே யோசனைதான். இவரு யார் கையைப் பிடிச்சிருக்கார்?

அத்தோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல. அந்தம்மா விடுமா? நம்பர் வாங்கிக்கிச்சு. எங்கிட்டத் தனியா போன் இல்ல, வீட்டுக்கு இருக்கிறது இவரு போன்தான். ஞாயித்துக்கிழமையானா பாக்கியம் பேசும். இவரு எடுத்து, 'இதோ குடுக்கறேன்மா'ன்னுட்டு, அடுப்படியைப் பார்த்துக் கூப்பிடுவார், 'தவம்! உனக்குத்தான் போனு'ன்னு. வேற எப்படிக் கூப்பிட முடியும்? அந்தப் பக்கம் அந்தம்மா கேட்டுக்கிட்டிருக்குதே. அந்தப் பேரு வாயில வரக்கூடாதுன்னு நானே போட்ட பூட்டு, நானே திறந்து விட்டேன். வாய் நிறையக் கூப்பிடறாருங்க. 'தவமணி'ன்னுகூட இல்ல, 'தவம்'. அவளை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார் போல. எனக்கு எப்படித் தெரியும்? மாமியாரும் அதை மட்டும் சொல்லல.

ராஜவேலுகிட்டச் சொன்னேன். அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிருவோமான்னு கேட்டேன். 'நீ பேசும்மா. எங்கம்மாவுக்காகப் பேச உன்னை விட்டா யார் இருக்கா?'ன்னான். எங்கம்மான்னு அவளைச் சொல்றான். உன்னைன்னு என்னைச் சொல்றான்.

போன வாரம் ஞாயித்துக்கிழமை பாக்கியம் பேசல. அர்ச்சுனன் வீட்ல ஏதோ விசேஷமாம், முன்னாடியே சொல்லியிருந்துச்சு. நான் அடுப்படியில வெங்காயம் உரிச்சிக்கிட்டிருக்கேன். இவரு கூடத்துல பேப்பர் படிக்கறார். போன் அடிக்கல. அடிக்கவே இல்ல. அங்கேருந்தே கூப்பிட்டார், 'தவம், கொஞ்சம் தண்ணி கொண்டா.'

கத்தியைக் கீழ வச்சேன். என்ன சொன்னோம்னு அவருக்கே தெரியாதுன்னு நினைக்கிறேன். அப்படியே சண்டை பிடிச்சிருக்கலாம். பாத்திரத்தைத் தூக்கி அடிச்சிருக்கலாம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? 'இதோ வர்றேங்க'ன்னேன். சொம்புல தண்ணி மொண்டுக்கிட்டுப் போனேன்.

செண்பகம்னு கூப்பிட்டுத் தண்ணி கேட்டா, பேப்பர்லேருந்து கண்ணை எடுக்க மாட்டார், கையை மட்டும் நீட்டுவார். அன்னைக்குப் பேப்பரை மடிச்சு வச்சுட்டு, என் முகத்தைப் பார்த்து வாங்கிக் குடிச்சாருங்க.